இலவு காத்த குருவி

பனை ஓலையின் நுனியில் ஊசலாடும் தூக்கணாங்குருவிக் கூட்டைக் கண்டறியாத தமிழர் இரார். குமாவோன் மலையடிவாரத்துத் தராய்ப் பகுதிக்கு இரயில்வே குமாஸ்தாவாக மாற்றலாகி வந்த ஆண்டில், எங்கள் குடியிருப்பின் பின்னேயுள்ள இலவ மரத்தின் உச்சியில் பந்துபந்தாகக் கூடுகளைக் கண்டேன். "இதோ, நம் ஊர்த் தூக்கணாங்குருவி!" என்று குழந்தைகளிடம் பெருமையாகச் சொன்னேன். நான் சொன்னது பாதிதான் சரி.

அக்கூடுகளில் நீண்டு தொங்கும் குழல் இல்லை. கூட்டைச் சுற்றியிருந்த இலைகளைக் குருவிகளே கொய்து உதிர்த்திருந்தன. ஆண் குருவியின் தலையும் மார்பும் மஞ்சள் பூசியதுபோல் ஒளிர்ந்தன. வனத்துறையில் பணிபுரியும் நண்பர் ஒருவர் வந்து பார்த்து, "இது தூக்கணாங்குருவிக்கு உறவுதான், ஆனால் ஃபின் குருவி என்னும் வேறு இனம். இதைக் காண்பதே அரிது" என்றார்.

காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஹியூம், இங்குள்ள காலாதூங்கியில் கிடைத்த பறவையைக் கொண்டு 1869-இல் இவ்வினத்தை உலகிற்கு அறிவித்தார். பின்னர் இப்பகுதியில் நெடுங்காலம் காணப்படாதிருந்த இதனைச் சலீம் அலி மீண்டும் கண்டறிந்தார். முற்காலத்தில் தராய் எங்கும் ஆளுயரப் புல்லும் சதுப்பும் மண்டிக் கிடந்தன. 1947-க்குப் பின் புல்வெளிகள் திருத்தப்பட்டன, அகதிகள் குடியேறினர், நெல்லும் கோதுமையும் கரும்பும் விளைந்தன. வீடிழந்து வந்தவர்க்கு நிலம் கிடைத்ததைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயினும் அந்நிலத்தில் முன்பே குடியிருந்த குருவிக்குப் போக்கிடம் இல்லாமற் போயிற்று. 2021-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் வரிசையில் சேர்த்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல ஆண்டுகளாகக் கூடுகளைத் தேடிக் கணக்கெடுத்து, எஞ்சிய புல்வெளியையும் கூடு கட்டும் மரங்களையும் காக்க வேண்டுமென்று வலியுறுத்தி வருகின்றனர்.

நண்பர் இன்னொன்றும் சொன்னார். "புல் போனது ஒரு கேடு, காகம் மற்றொன்று. மனிதர் எச்சில் எறியும் இடத்தில் காகம் பெருகும். உச்சிக் கிளையில் திறந்தவெளியில் இருக்கும் இக்கூட்டைக் கிழித்து, முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் காக்கைக்குச் சோறு வைத்த பின்னரே அம்மா உண்பார். வைக்கும் இடமோ அந்த இலவ மரத்தடி! மரத்தை அடுத்துத்தான் குடியிருப்பு முழுவதன் குப்பையும் குவிந்திருந்தது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அப்பா இறந்த நாளிலிருந்து தவறாத வழக்கம் அது. இரண்டு நாள் தயங்கி, மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன். அம்மா சிறிது நேரம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அப்பாவுக்கு வைக்கிற சோறு இன்னொரு தாய் வயிற்றை எரிக்க வேண்டாம்டா. இனி அமாவாசைக்கு மட்டும் கோயில் பக்கம் கொண்டுபோய் வைக்கிறேன். ஆனா, என் கைப்பிடிச் சோற்றைவிட அந்தக் குப்பைமேடுதானே பெரிசு? அதுக்கு நீ என்ன செய்யப் போறே?"

அக்கேள்விக்கு விடை சொல்ல ஒரு மாதம் ஆயிற்று. பஞ்சாபியர், வங்காளியர், குமாவோனியர் என்று வீடு வீடாகச் சென்று பேசினேன். சிலர் சிரித்தனர், சிலர் உடன் வந்தனர். முடிவில் குப்பையை மூடிய குழிக்கு மாற்றினோம். விறகுக்காக மரத்தின் கிளையை எவரும் வெட்டுவதில்லை என்றும் பேசி முடித்தோம்.

அவ்வாண்டு ஆடியில் சில கூடுகளிலிருந்து குஞ்சுகளின் குரல் கேட்டது. அது எங்கள் முயற்சியால் விளைந்தது என்று சொல்லத் துணியேன். ஒரு மரத்தைக் காப்பதால் ஓர் இனம் பிழைத்துவிடாது. புல்வெளி பிழைத்தாக வேண்டும். எனினும், இலவு காத்த கிளி ஏமாந்த கதையை நாம் அறிவோம். நம்மை நம்பி இலவ மரத்தில் குடியேறிய குருவியையும் ஏமாற்றலாகாது அல்லவா? ஹல்த்வானி, ருத்ரபூர், பந்த்நகர் பக்கங்களில் வாழும் நம் சங்கத்துக் குடும்பத்தார், கொல்லைப்புற மரங்களைச் சற்றே அண்ணாந்து பார்க்கும்படி வேண்டுகிறேன்.