முன்கதை

அரூரை அடுத்த தீர்த்தமலையில் பாறையினின்று இராமதீர்த்தம் வீழ்கின்றது. இராவணனைக் கொன்ற பழி நீங்க ஈசனை வழிபட விரும்பிய இராமன், அம்பெய்து இந்நீரை வருவித்தான் என்பது தலவரலாறு. கொடியோனைக் கொன்றவனுக்குப் பழி எங்ஙனம் வந்தது?

உத்தரகாண்டம் இதற்கு விடை பகர்கின்றது. நூலின் இறுதியில் நிற்பினும், அதன் முற்பகுதி முன்கதையே. இராவணன் விச்சிரவ முனிவரின் மைந்தன். ஆதலின் அவனைக் கொன்றது அந்தணனைக் கொன்ற பழியாயிற்று. அவன் கயிலையில் நந்தியின் குரங்குமுகத்தை எள்ளி நகைத்தான்; குரங்குகளாலேயே அவன் குலம் அழியுமென நந்தி சபித்தார். வில்லும் வாளும் அறியா வானரர் இலங்கையை வென்றது ஏன் என்பது ஈண்டே முழுதும் விளங்குகின்றது.

மேனாட்டுத் திரைக்கதையிலும் இம்முறை உண்டு. 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில், விண்ணில் இயங்கும் பெருங்கோட்டை ஒரு சிறு துளையால் அழிந்தது. கதையின் குறையென்றே பலர் அதனைக் கருதினர். கோட்டையை வகுத்தவனே பகைமையால் அப்பழுதை மறைத்து வைத்தான் என்பதை, 39 ஆண்டுகள் கழித்து ‘ரோக் ஒன்’ என்னும் படம் உரைத்தது.