பன்னிரண்டு மணிக்கு முன்

வேலை நிமித்தம் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு எந்த ஊரும் தெரியாது. இருபது வருடங்களில் நான் நாக்பூருக்கு ஆறு முறையும் லூதியானாவுக்கு நான்கு முறையும் போய் வந்திருக்கிறேன். நாக்பூர் எப்படி என்று யாராவது கேட்டால், ஓட்டல் லிஃப்ட் மெதுவாக ஏறும் என்றுதான் சொல்ல முடியும். விமான நிலையம், கார், அறை, கூட்டம் நடக்கும் நீள மேஜை, மறுபடி கார், மறுபடி விமான நிலையம். திரும்பி வந்ததும் "ஊர் எப்படி இருந்தது?" என்று மனைவி கேட்பாள். "ஏ.சி. ரொம்ப ஜில்" என்பேன். அவளும் இப்போது கேட்பதை விட்டுவிட்டாள்.

எங்களைப் போன்றவர்களுக்கு அபூர்வமாக வாய்க்கும் ஒரு வரம், கூட்டம் தள்ளிப்போவது. 2023 டிசம்பரில் அகமதாபாத்தில் எனக்கு அது வாய்த்தது. டெல்லியில் பனிமூட்டம், எங்கள் மேலதிகாரியின் விமானம் கிளம்பவில்லை. ஒன்பது மணிக் கூட்டம் பன்னிரண்டுக்கு மாற்றப்பட்டது என்று செய்தி வந்தபோது நான் குளித்து, சட்டையை உள்ளே விட்டு, தயாராகக் கீழே இறங்கியிருந்தேன். வரவேற்பறையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் கையில் ஃபைல்களோடு உட்கார்ந்திருந்தார். என்னை அழைத்துப்போக எங்கள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து அனுப்பப்பட்டவர். தமிழ் தெரிந்தவர் என்பதால் அவரை அனுப்பியிருந்தார்கள்.

"மூணு மணி நேரம் ரூம்ல உக்காந்து என்ன சார் பண்ணப் போறீங்க? வாங்க, ஊரைப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

அந்தக் கூட்டம் எதற்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் வேலை பார்க்கும் கோவை நிறுவனம் நூற்பாலை இயந்திரங்களுக்கு உதிரி பாகங்கள் செய்கிறது. அவற்றைப் பழுது பார்க்க அகமதாபாத்தில் சிறிய ஒர்க்‌ஷாப் ஒன்று இருந்தது. ஆனால் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் சௌராஷ்டிரப் பக்கம் புதிதாக வந்த நூற்பாலைக்காரர்கள். ஒர்க்‌ஷாப்பை அங்கேயே மாற்றிவிட்டால் என்ன என்பது அன்றைய நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது விஷயம். அதற்கான அட்டவணையைத் தயாரித்தவன் நான். வாடகை, மின்சாரம், போக்குவரத்து என்ற வரிசையில் 'ஊழியர்கள்: 11' என்று ஒரு வரி. அந்தப் பதினொன்றில் ஒன்று என் முன்னால் நின்று ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

காலுப்பூர் சுவாமிநாராயணர் கோவில் வாசலில் இறங்கினோம். 1822இல் கட்டியது, அந்தச் சம்பிரதாயத்தின் முதல் கோவில். பர்மா தேக்கில் செதுக்கிய தூண்கள், வரம்பில்லாத வர்ணங்கள். பழைய நகரைப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக 1997இல் அகமதாபாத் மாநகராட்சி ஒரு காலை நடையைத் தொடங்கியது. இந்தக் கோவிலில் ஆரம்பித்து ஜும்மா மசூதியில் முடியும். நாங்கள் வழிகாட்டி இல்லாமல் அதே பாதையில் நடந்தோம். வழிகாட்டி தேவைப்படவும் இல்லை. அவர் அந்த ஊரில் பிறந்தவர்.

"அப்பா வேலூர் பக்கம் சார். மில்லுக்காக வந்தாரு. நான் மணிநகர் தமிழ் ஸ்கூல்ல படிச்சவன். இப்ப அது இல்ல." மாணவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று 2020இல் அந்தத் தமிழ் வழிப் பள்ளி மூடப்பட்டதைப் பத்திரிகையில் படித்திருக்கிறேன். அங்கே படித்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன். அவர் தமிழில் நடுநடுவே 'பஸ்', 'சாலோ' என்று குஜராத்தி வந்து உட்கார்ந்தது. மகள் குஜராத்தியில்தான் படித்தாளாம். தமிழ் பேசுவாள், எழுத வராது.

அகமதாபாத்தின் பழைய குடியிருப்புகளுக்குப் 'போல்' என்று பெயர். ஒரு வாசல், உள்ளே சந்து, சந்துக்குள் சந்து. ஒரே சாதியினரோ ஒரே தொழிலினரோ சேர்ந்து வாழ்ந்த இடங்கள். கலகம் மிகுந்த காலங்களில் ராத்திரி வாசற்கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். ஒரு போலிலிருந்து அடுத்த போலுக்குத் தப்பிப் போக ரகசிய வழிகளும் உண்டு. வெளியாள் கண்ணுக்கு அது யாருடைய வீட்டு வாசல் போலவோ தெரியும். முற்றத்துக்கு அடியில் 'டாங்கா' என்கிற நிலத்தடித் தொட்டி; மழைத் தண்ணீரைக் கூரையிலிருந்து இறக்கிச் சேமிப்பார்கள். இந்தப் பழைய நகரத்துக்காகத்தான் 2017இல் யுனெஸ்கோ அகமதாபாத்தை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பெயர் பெற்ற முதல் நகரம் இது.

ஒரு சந்தில் கவிஞர் தல்பத்ராம் வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். பீடத்தின் மேல் நிற்கவில்லை. தன் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தாரைப் போலச் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சம் தள்ளி 'சபுத்ரோ' ஒன்று. மரத்தூணின் உச்சியில் செதுக்கு வேலை செய்த சிறு மண்டபம். பறவைகளுக்குத் தானியம் போடும் இடம். மனிதர்களே தோளோடு தோள் இடித்து நடக்கிற சந்தில் புறாவுக்கும் கிளிக்கும் தனியாக ஒரு வீடு. காலைத் தானியத்துக்கு ஏகப்பட்ட போட்டி. நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

பக்கத்திலேயே டீக்கடை. அந்த ஊரில் டீக்கடைக்குப் பெயரே 'கிட்லி'. கெட்டில் என்ற ஆங்கில வார்த்தை குஜராத்திக்குப் போய்க் கடையாகிவிட்டது. 'அடதி' என்று கேட்டால் பாதி டீ கிடைக்கும். அவர் இரண்டு அடதி சொன்னார்.

"உங்க ஊரையும் மான்செஸ்டர்னுதான் சொல்லுவாங்களாமே சார்?" என்று கேட்டார்.

கோவைக்குத் தென்னிந்திய மான்செஸ்டர் என்று பெயர். அகமதாபாத்துக்கு அதைவிடப் பெரிய பட்டம், இந்தியாவின் மான்செஸ்டர். 1861இல் ரண்சோட்லால் சோட்டாலால் இங்கே முதல் துணி ஆலையை ஓட வைத்தார். அதன்பின் நூறாண்டு காலத்துக்கு இந்த ஊர் விழித்ததும் தூங்கியதும் ஆலைச் சங்கின்படிதான். 1980களில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. பழைய இயந்திரங்கள், விசைத்தறியின் போட்டி, மாறிப்போன துணி மோகம் என்று காரணங்களை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் ஒப்பிப்போம். வேலை இழந்தவர்கள் பல்லாயிரம் பேர். கிழக்குப் பக்கம் சில புகைபோக்கிகள் மட்டும் இன்னும் நிற்கின்றன.

"அப்பா மில்லு மூடினப்ப எனக்குப் பதினாலு வயசு" என்றார் அவர். "காலைல ஷிப்டுக்குப் போனவரு பத்து மணிக்கு டிபன் டப்பாவோட திரும்பி வந்தாரு. கேட்ல நோட்டீஸ் ஒட்டியிருந்தானாம். டப்பாவைத் திறக்கவேயில்ல. அம்மா மத்தியானம் அதையே எடுத்து எங்களுக்குப் போட்டா."

நான் டீயைக் குடித்தேன்.

"மூடினது கூடப் பரவால்ல சார். மில்லுன்னா ஒருநாள் மூடத்தான் செய்யும். முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? அதுக்கு முந்தின வாரம்தான் அக்கா கல்யாணத்துக்குக் கடன் வாங்கியிருந்தாரு. தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்க மாட்டாரு. அதைத்தான் சாவற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு."

"அப்புறம் என்ன பண்ணினாருங்கண்ணா?"

"கொஞ்ச நாள் காய்கறி வண்டி. அம்மா பீடி சுத்தினாங்க. நான் லேத்துப் பட்டறைக்குப் போனேன். பஸ், ஆச்சு."

அங்கிருந்து மாணெக் சவுக் வழியாக நடந்தோம். காலையில் மாட்டுத் தீவனமும் காய்கறியும், பகலில் தங்கமும் வெள்ளியும், ராத்திரியில் தின்பண்டமும் விற்கிற அதிசயச் சதுக்கம். ஒரே தரைக்கு மூன்று ஷிப்டு. நகரத்தை 1411இல் நிறுவிய அகமது ஷாவின் சமாதி பக்கத்தில். அவர் கட்டி 1424இல் முடித்த ஜும்மா மசூதிக்குள் நுழைந்தால் வெளிச் சத்தம் சட்டென்று நின்றுவிடுகிறது. உள்ளே 260 தூண்கள். ஒரு தூணின் நிழலில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மணி பத்தரை.

எனக்கு 1918 ஞாபகம் வந்தது. பிளேக் போனஸை நிறுத்தியதால் இதே அகமதாபாத்தில் ஆலைத் தொழிலாளர்கள் 35 சதவீத உயர்வு கேட்டுப் போராடிய வருடம். முதலாளிகள் தரப்பில் முன்னால் நின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர்கள் பக்கம் நின்றவர் அவருடைய சொந்த அக்கா அனசூயா. சபர்மதிக் கரையில் ஒரு கருவேல மரத்தடியில் தினமும் காந்தி தொழிலாளர்களைக் கூட்டிப் பேசினார். துண்டுப் பிரசுரங்களும் வெளியிட்டார். இன்று என்ன நடந்தது, நாளை என்ன நடக்கலாம், பட்டினி வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் கடைசித் தொழிலாளி வரை தெரிந்திருந்தது. மூன்று நாள் உண்ணாவிரதத்துக்குப் பின் பிரச்சினை மத்தியஸ்தத்துக்குப் போனது. மத்தியஸ்தர் 35 சதவீதத்தையே தீர்ப்பாகச் சொன்னார்.

பாடப் புத்தகத்தில் இதை ஓர் உண்ணாவிரதக் கதையாகத்தான் படித்திருந்தேன். அந்தத் தூண் நிழலில் உட்கார்ந்திருந்தபோது மரத்தடிதான் பெரிதாகத் தெரிந்தது. ஜெயிப்போமா தோற்போமா என்பது அங்கே கூடியவர்களுக்குத் தெரியாது. ஆனால் தங்கள் தலைக்கு மேல் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது தெரியும். அறுபத்துச் சொச்சம் வருடம் கழித்து அதே ஊரில், டிபன் டப்பாவோடு போனவருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் ஆரம்பித்தது. மூன்றாவது விஷயம் வந்தபோது மணி ஒன்றரை இருக்கும். என் அட்டவணையில் தவறு ஒன்றும் இல்லை. கணக்கு சரியாகவே இருந்தது. ஒர்க்‌ஷாப்பை மாற்றுவதென்று பத்து நிமிடத்தில் முடிவானது. "மார்ச் மாதக் கடைசியில் ஊழியர்களிடம் சொல்லிக்கொள்ளலாம். இப்போதே சொன்னால் வேலை கெட்டுப்போகும்" என்றார் மேலதிகாரி. தொழில் நடத்துகிறவர்கள் வழக்கமாகச் சொல்கிற, பெரும்பாலும் யாரும் மறுக்காத வாக்கியம்.

நான் மறுத்தேன். "இன்றைக்கே சொல்லிவிடலாம்" என்றேன். காரணம் கேட்டார்கள். மார்ச்சுக்குள் யாராவது கடன் வாங்கக்கூடும், பெண்ணுக்குத் தேதி குறிக்கக்கூடும், பையனைக் கல்லூரியில் சேர்க்க முன்பணம் கட்டக்கூடும் என்றேன். யாருக்குக் கல்யாணம் என்று ஒருவர் சிரித்தார். பதினொரு பேர் என்றால் ஏதாவது இருக்கும் என்றேன். நான் அப்படிப் பேசுகிறவன் இல்லை என்பதால் கொஞ்ச நேரம் மௌனம் இருந்தது. அப்புறம் மேலதிகாரி, விமானக் களைப்பாலோ என்னவோ, "சரி, சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் அவகாசமும் கொடுங்கள்" என்றார். முடிவு மாறவில்லை. சொல்லும் தேதி மட்டும் மாறியது.

நாலு மணிக்கு ஒர்க்‌ஷாப்பில் பதினொரு பேரையும் உட்கார வைத்துச் சொன்னோம். யாரும் கத்தவில்லை. புது இடத்துக்கு வந்தால் வீட்டு வாடகை உண்டா என்று இரண்டு பேர் கேட்டார்கள். நஷ்ட ஈடு எப்படிக் கணக்கிடப்படும் என்று ஒருவர் கேட்டார். கூட்டம் கலைந்த பின் என்னை விமான நிலையத்துக்கு அனுப்பி வைக்க அவரே வாசல் வரை வந்தார்.

"காலையிலேயே உங்களுக்குத் தெரியும், இல்லீங்களா சார்?"

"தெரியுங்கண்ணா."

"எனக்கும் தெரியும் சார். அந்தக் காகிதத்தை ஜெராக்ஸ் எடுத்து ஃபைல்ல போட்டவனே நான்தான்."

கார் வந்துவிட்டது. அவர் என் பையை டிக்கியில் வைத்து மூடினார். நன்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும்படி நான் எதுவும் செய்துவிடவும் இல்லை.

அடுத்த ஆறு மாதத்தில் நான்கு பேர் சௌராஷ்டிரப் பக்கம் போனார்கள். ஏழு பேர் பணத்தை வாங்கிக்கொண்டு நின்றுவிட்டார்கள். அவர் அந்த ஏழில் ஒருவர். மணிநகரில் தையல் இயந்திரம் பழுது பார்க்கும் கடை போட்டிருப்பதாகத் தீபாவளிக்கு போன் செய்தபோது சொன்னார். மகளுக்கு வரன் பார்த்திருந்தார்கள். கையிருப்பு தெரிந்ததும் பேசி ஒரு வருடம் தள்ளிப் போட்டார்களாம். "கடன் வாங்கல சார்" என்றார்.

இப்போதெல்லாம் எந்த ஊரில் கூட்டம் என்றாலும் முந்தின நாளே போய்விடுகிறேன். அந்த ஒரு ராத்திரி அறை வாடகையைக் கம்பெனி தருவதில்லை, கைக்காசுதான். விடிந்ததும் யாராவது உள்ளூர்க்காரரைக் கூட்டிக்கொண்டு நடக்கிறேன். எல்லா ஊரிலும் தமிழ் பேசுகிறவர் கிடைப்பதில்லை. என் ஹிந்தி பாதிதான் எடுபடும். போன மாதம் நாக்பூரில் ஏழாவது முறையாக இறங்கினேன். காலையில் ஆரஞ்சு மண்டியில் கூடை சுமக்கிற ஒருவரோடு இரண்டு மணி நேரம் நின்றிருந்தேன். வீட்டுக்கு வந்து அதைச் சொல்ல ஆரம்பித்ததும், மனைவி அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.