மறைத்து வைத்த கண்



ஆட்டங்கள் 45. அடித்த கோல்கள் 4. பிறர் கோலடிக்க உதவியவை 10. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் பதிவேட்டில் வில்லி ஓரீ என்னும் முன்கள ஆட்டக்காரரின் பெயருக்கு நேரே உள்ள கணக்கு இவ்வளவுதான். நம் பள்ளித் தேர்ச்சி அறிக்கையாக இருந்தால், 'இன்னும் முயற்சி தேவை' என்று எழுதிக் கையொப்பமிட்டு அடுத்த மாணவனின் அறிக்கையை எடுத்திருப்போம்.

ஆயினும் 2018ஆம் ஆண்டில் இவர் ஐஸ் ஹாக்கியின் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார். பாஸ்டன் புரூயின்ஸ் குழு, அவர் அணிந்த 22ஆம் எண் சட்டைக்கு, இனி வேறு எவரும் அணியாதபடி, 2022 ஜனவரி 18ஆம் நாள் ஓய்வளித்துப் பெருமை செய்தது. நான்கு கோல் அடித்தவருக்கு ஏன் இத்தனை சிறப்பு? இந்த வினாவிற்கான விடையில் நம் வகுப்பறைக்கு வேண்டிய செய்தி ஒன்றும் இருக்கிறது.

நமக்குத் திடல் ஹாக்கி தெரியும். ஐஸ் ஹாக்கி அவ்வளவு பழக்கமில்லை. பனித்தளத்தின்மேல் சறுக்குக் காலணி அணிந்து, பந்திற்குப் பதிலாகக் கெட்டியான ரப்பர் வட்டு ஒன்றைக் கோலால் அடித்து ஆடும் ஆட்டம் அது. அந்த வட்டு மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டிப் பறக்கும். ஓரணிக்குக் கோல் காவலருடன் சேர்த்து அறுவர். தற்காப்பில் இருவர், முன்களத்தில் நடுவில் ஒருவர், இடப்புறம் ஒருவர், வலப்புறம் ஒருவர். வில்லி ஓரீ இடப்புற முன்கள ஆட்டக்காரர். இந்த 'இடப்புறம்' என்னும் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் 1935 அக்டோபர் 15ஆம் நாள் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாநிலத்திலுள்ள பிரடெரிக்டன் நகரில் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளுள் கடைக்குட்டி. குளிர்காலத்தில் தந்தையார் வீட்டின் பின்புறம் நீரைப் பாய்ச்சி உறைய வைப்பார். அதுவே பிள்ளைகளின் ஆடுகளம். அண்ணனிடம் ஆட்டம் பயின்ற அச்சிறுவனுக்கு, தேசிய லீக்கில் ஆடவேண்டும் என்பதே கனவு. அந்த லீக்கில் அதுவரை கறுப்பினத்தவர் ஒருவர்கூட ஆடியதில்லை. மேலும், 1967 வரை அங்கு இருந்தவை ஆறே குழுக்கள். கனடா முழுவதிலும் இருந்து வரும் இளைஞர்கள் அந்தச் சில இடங்களுக்காகவே போட்டியிட்டனர்.

1955-56 பருவத்தில், இளையோர் குழு ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தபோது விபத்து நேர்ந்தது. பறந்து வந்த ரப்பர் வட்டு அவரது வலக்கண்ணைத் தாக்கியது. விழித்திரை சிதைந்து, அந்தக் கண் ஏறக்குறைய முழுவதுமாகப் பார்வையை இழந்தது. இனி ஹாக்கி ஆட இயலாது என்றார் மருத்துவர். அப்போது அவருக்கு வயது இருபது.

சில வாரங்களிலேயே அவர் மீண்டும் பனித்தளத்தில் இறங்கினார். கண் போன செய்தியை நெருங்கிய ஓரிருவரைத் தவிர எவரிடமும் சொல்லவில்லை. காரணம் எளிது. ஒரு கண்ணில் பார்வையற்றவர் ஆடக்கூடாது என்பது தேசிய லீக்கின் விதி. சொன்னால் கதவு மூடிவிடும். எனவே சொல்லவில்லை.

1958 ஜனவரி 18ஆம் நாள், மாண்ட்ரியால் நகரில், பாஸ்டன் புரூயின்ஸ் குழுவிற்காக அவர் களம் இறங்கினார். எதிரணி அக்காலத்தின் வலிமைமிக்க மாண்ட்ரியால் கனேடியன்ஸ். பாஸ்டன் 3-0 என வென்றது. தேசிய லீக்கில் ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர் என்னும் வரலாறு அன்று எழுதப்பட்டது. அந்த வரலாறு ஒற்றைக் கண்ணோடு எழுதப்பட்டது என்பது அரங்கில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

அப்பருவத்தில் அவருக்குக் கிடைத்தவை இரண்டே ஆட்டங்கள். மீண்டும் 1960-61 பருவத்தில் 43 ஆட்டங்கள். 1961ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் முதல் கோல். சில நகரங்களில் பார்வையாளர்கள் அவரது நிறத்தைச் சொல்லி இழிவாக ஏசினர். களத்தில் எதிரணியினர் வேண்டுமென்றே தாக்கியதும் உண்டு. அவற்றைப் பொறுத்துக்கொண்டு ஆடினார். பருவம் முடிந்ததும் பாஸ்டன் குழு அவரை வேறு குழுவிற்கு மாற்றிவிட்டது. அதன்பின் தேசிய லீக்கின் கதவு அவருக்குத் திறக்கவே இல்லை. அடுத்த கறுப்பின ஆட்டக்காரராக மைக் மார்சன் அந்த லீக்கில் ஆடியது 1974ஆம் ஆண்டில்தான்.

இங்கு 'இடப்புறம்' என்னும் சொல்லுக்கு வருவோம். இடப்புற ஆட்டக்காரருக்கு ஆடுகளம் முழுவதும் வலப்பக்கத்தில் விரிந்திருக்கும். தோழர் அனுப்பும் வட்டு வலமிருந்து வரும். மோத வரும் எதிராளியும் வலமிருந்தே வருவார். ஓரீக்கோ வலக்கண் தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் கழுத்தை முழுவதுமாகத் திருப்பி, இடக்கண்ணால் பார்த்து ஆடினார். விரைந்து சறுக்குவதில் வல்லவர் என்று பெயர் பெற்றவர், கோல் வாய்ப்புகளைத் தவறவிட்டுக்கொண்டிருந்தார்.

தேசிய லீக்கை விட்டு வந்த பிறகு, அமெரிக்காவின் மேற்குக் கரையில் லாஸ் ஏஞ்சலிஸ் பிளேட்ஸ் என்னும் குழுவில் ஆடினார். அங்கே 1964-65 பருவத்தில் பயிற்றுநர் ஆல்ஃப் பைக் அவரை இடப்புறத்திலிருந்து வலப்புறத்திற்கு மாற்றினார். இப்போது ஆடுகளம் முழுவதும் இடக்கண்ணின் முன்னால் வந்துவிட்டது! அந்தப் பருவத்தில் ஓரீ அடித்த கோல்கள் 38. அந்த லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் அவர்தாம். பிறகு சான் டியேகோ நகரக் குழுவில் ஆடி, 1968-69 பருவத்திலும் 38 கோல் அடித்து மீண்டும் முதலிடம் பெற்றார். அப்போது வயது 33. ஓய்வு பெற்றது 1979ஆம் ஆண்டில், 43 வயதில்.

அதே மனிதர். அதே கால்கள். அதே ஒற்றைக் கண். மாறியது நின்ற இடம் மட்டுமே.

விபத்திற்கும் இந்த இடமாற்றத்திற்கும் இடையே ஏறக்குறைய எட்டு ஆண்டுகள். பாஸ்டன் குழுவிற்காக ஆடிய 45 ஆட்டங்களும் அந்த எட்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிட்டன. 'எனக்கு வலக்கண் தெரியாது, என்னை வலப்புறம் நிறுத்துங்கள்' என்று ஒரு பயிற்றுநரிடம் முன்பே சொல்ல முடிந்திருந்தால்? சொல்ல முடியாத நிலை. சொன்னால் வலப்புறமும் இல்லை, இடப்புறமும் இல்லை, வீட்டிற்குத்தான் போகவேண்டும்.

இந்த வரலாற்றை மாணவர்களிடம் சொன்னால், கூர்மையான பிள்ளை ஒன்று எழுந்து, "அவர் பொய் சொன்னது சரியா, ஆசிரியரே?" என்று கேட்கும். கேட்கத்தான் வேண்டும். அந்த விதி பொருளற்றதன்று. தலைக்கவசம் அணியாமலே பெரும்பாலோர் ஆடிய காலம் அது. எஞ்சிய கண்ணிலும் அடி பட்டிருந்தால் அவர் வாழ்நாள் முழுவதும் இருளில் இருந்திருப்பார். எனவே, மறைத்ததை வீரம் என்று போற்றி மாணவர்க்குப் பாடமாக்க என் மனம் இடம் தரவில்லை. அதே வேளையில், அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் இயலவில்லை. உண்மையைச் சொன்னவனுக்குக் கிடைப்பது வெளியேற்றம் மட்டுமே என்றால், மனிதன் மறைக்கத்தான் செய்வான். பெரியவர்களே அப்படியென்றால் ஏழு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

நம் வகுப்புகளை எண்ணிப் பாருங்கள். வெண்பலகை எழுத்து தெரியாத பிள்ளை, பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்து எழுதும். நாம் அதனை 'எட்டிப் பார்க்கும் பழக்கம்' என்போம். வாசிக்கத் தெரியாத பிள்ளை, தன் முறை வரும்போது கழிவறைக்கு அனுமதி கேட்கும். நாம் அதனைக் 'குறும்பு' என்போம். ஒரு காது சரியாகக் கேளாத பிள்ளை, சொன்னதைச் செய்யாமல் நிற்கும். நாம் அதனை 'அலட்சியம்' என்போம். அவர்களும் கழுத்தைத் திருப்பித் திருப்பித்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நாமோ கோல் கணக்கை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். முதலாம் ஆண்டில் பிள்ளையைச் சேர்க்கும்போது அதன் குறைபாட்டை மறைக்கும் பெற்றோர் உண்டு. 'பின்தங்கிய பிள்ளை' என்று முத்திரை குத்திவிடுவார்களோ, வேறு வகுப்பிற்கு அனுப்பிவிடுவார்களோ என்னும் அச்சம். அது பாசத்தால் விளையும் அச்சம்; எள்ளி நகையாடத்தக்கதன்று. ஆனால் அந்த மறைப்பிற்கான விலையைப் பிள்ளையே செலுத்துகிறது. தவறான பக்கத்தில் நின்று, ஆண்டுக்கணக்கில், தன் முழுத்திறமையும் வெளிப்படாமல் செலுத்துகிறது.

அந்த அச்சத்தைப் போக்கவேண்டிய பொறுப்பு முதலில் ஆசிரியர்களாகிய நம்முடையது. குறையைச் சொன்ன பிள்ளைக்கு அடுத்த நாளே ஒரு நன்மை கிடைக்கவேண்டும். முன்வரிசையில் ஓர் இருக்கை, பெரிய எழுத்தில் அச்சிட்ட பயிற்சித்தாள், நல்ல காது நம் பக்கம் இருக்கும்படி ஓர் இடம். இவற்றுள் எதற்கும் பெரும் செலவில்லை. சொன்னால் இடம் பறிபோகாது, பொருத்தமான இடமே கிடைக்கும் என்று ஒரு பிள்ளை கண்டுகொண்டால், மற்றப் பிள்ளைகளும் வாய் திறப்பார்கள்.

ஓய்வுக்குப் பின் வில்லி ஓரீ சான் டியேகோ பகுதியில் ஒரு தங்கும் விடுதியின் பாதுகாப்புப் பணியில் இருந்தார். 1998ஆம் ஆண்டில் தேசிய லீக் அவரைத் திரும்ப அழைத்தது, இம்முறை ஆடுவதற்கன்று. வாய்ப்பற்ற பின்னணியிலிருந்து வரும் சிறுவர் சிறுமியரை இந்த ஆட்டத்திற்கு அழைத்துவரும் தூதராக. அறுபது வயதைக் கடந்தபின் ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளைச் சந்தித்தார். புகழ் மன்றத்தில் அவர் பெயர் ஆட்டக்காரர் பிரிவில் இல்லை. ஆட்டத்தை வளர்த்தோர் பிரிவில்தான் இருக்கிறது. நான்கு கோலுக்காக அல்ல, திறந்துவைத்த கதவுக்காகவும் அதன் வழியே வந்த பிள்ளைகளுக்காகவும் கிடைத்த சிறப்பு அது.

அடுத்த முறை தேர்வுப் புள்ளிகளைப் பதியும்போது, குறைந்த புள்ளிக்கு நேரே உள்ள பெயரில் சற்றே நில்லுங்கள். இந்தப் பிள்ளை எந்தப் பக்கம் நின்று ஆடுகிறது, எதனை நம்மிடம் சொல்ல அஞ்சுகிறது என்று கேட்டுப் பாருங்கள். விடை அந்தப் புள்ளிப் பட்டியலில் இராது, பிள்ளையிடமே இருக்கும்.

சிந்திப்போம்.