நானுஓயாவில் நின்ற வண்டி

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியனிடமிருந்து திருக்குறள் பற்றியோ சிலப்பதிகாரம் பற்றியோ ஏதேனும் வருமென எதிர்பார்த்திருப்பர். நான் எழுதப் புகுந்ததோ மோட்டார் வண்டியின் நீர்க்கசிவைப் பற்றி. இக்கல்லூரி விடுதியில் எனக்கு முதலாண்டுப் பணம் கட்டியவர் என் தாய்மாமன். அவர் அப்பணத்தை எந்நிலையில் கட்டினார் என்பது இம்மலரில் எழுதத் தக்கதே என எண்ணுகிறேன்.

மாமா ஹற்றனில் ஒரு கராஜில் வேலை பார்த்தார். தோட்டத்து லொறிகளும் துரைமாரின் கார்களும் அங்கு வரும். றேடியேற்றரில் சிறு கசிவு எனின் ஒரு கரண்டி மஞ்சள் தூளை இட்டு அனுப்புவோர் அக்காலத்திற் பலர். மாமா அதனைச் செய்யார். "ஓட்டையையும் அடைக்கும், நல்ல குழாயையும் அடைக்கும்" என்பார்.

நுவரெலியாவின் சித்திரை விழாக்களுள் மகாகஸ்தோட்டை மலையேற்றக் காரோட்டம் பெயர்பெற்றது. 1934ஆம் ஆண்டு தொடங்கியது. தேயிலை மலையில் வளைந்தேறும் ஒடுங்கிய பாதையில் வண்டிகளை நேரங்கணித்து ஓடவிடுவர். 1990களின் நடுப்பகுதியில் ஒரு சித்திரையில், தோட்டத்துச் சின்னத்துரை ஒருவர் தமது பழைய எம்.ஜீ.பி வண்டியை அதற்கெனச் செப்பனிடத் தந்தார். இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை உற்பத்தியான வகை அது. செய்தவர்களைக் குறை கூறுவதற்கில்லை. எங்கள் கைக்கு வந்தபோது அதன் றபர் குழாய்கள் வயதாகிக் கிடந்தன. மேற்குழாயை மாமா மாற்றினார். கீழ்க்குழாய்க்கு உரிய புதுக் கிளிப் வந்து சேரவில்லை. பழையதையே இறுக்கிப் பூட்டினார். இன்று போல நிறமூட்டிய கூலன்ற் அன்று அங்கே எளிதிற் கிடையாது, பீலித் தண்ணீர்தான். கூலன்ற் கசிந்தால் நிறமும் இனிய மணமும் காட்டிக்கொடுக்கும். பீலித் தண்ணீர் கசிந்தால் துருக்கோடு ஒன்றுதான் மிஞ்சும். அதையும் மழை கழுவிவிடும்.

வண்டியை நுவரெலியாவிற் கொண்டுபோய் ஒப்படைக்கப் புறப்பட்டபோது என்னையும் ஏற்றிக்கொண்டார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. "மாப்புள்ள, அந்த முள்ள மட்டும் பாத்துக்கிட்டே வா. நடு எழுத்தத் தாண்டுச்சுன்னா உடனே சொல்லு" என்றார். அத்துணைப் பெரிய பொறுப்பு அதற்கு முன் எனக்கு எவரும் தந்ததில்லை.

கொட்டகலையையும் தலவாக்கலையையும் கடந்தோம். லிந்துலைக்கு அப்பால் ஏற்றத்தில் கொழுந்து லொறியொன்று முன்னே ஊர்ந்தது. விரைவாய் ஓடி எதிர்காற்றை வாங்கிக் குளிர்வதற்கெனச் செய்யப்பட்ட வண்டி, தாழ்ந்த கியரில் நத்தைபோல் ஏறிற்று. எஞ்சினுக்கோ பாரம் மிகுதி. வீசும் காற்றோ குறைவு. முள் நடு எழுத்தைத் தாண்டியது. வாய் திறக்கப் போனேன். மாமா லொறியை முந்துவதற்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முந்தி முடிக்கட்டும் எனக் காத்திருந்தேன். அதற்குள் முள் தானாகவே கீழிறங்கிற்று. மலைக்காற்று பட்டு ஆறிவிட்டது என மகிழ்ந்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

நானுஓயாவுக்கு அண்மையில் பொனற்றுக்குள்ளிருந்து வெண்புகை சீறிற்று. எஞ்சின் முட்டி மோதி நின்றது. மாமா அரைமணி நேரம் பொறுத்து, சாக்கை மடித்து மூடியின்மேல் வைத்துத் திருகினார். உள்ளே ஒரு சொட்டு நீரில்லை. கீழ்க்குழாய் கிளிப்பிலிருந்து நழுவியிருந்தது.

"முள்ளு ஏறுச்சா?"

"இல்ல மாமா."

அவர் என்னை நம்பினார். சின்னத்துரையிடம், வெப்பமானி பழுதென்று உறுதியாகச் சொன்னார். மறுநாள் அதன் குமிழைக் கழற்றிக் கொதிக்கும் கேத்தலில் இட்டுப் பார்த்தனர். முள் ஒழுங்காக ஏறிற்று. மாமா ஓட்டத்தில் கவனமின்றி இருந்துவிட்டுப் பொய்யும் சொன்னார் என்றாயிற்று. கராஜில் அவரை நிறுத்திவிட்டனர். பின்னர் பல்லாண்டுகள் கொழுந்து லொறிதான் ஓட்டினார். அந்தச் சம்பளத்திலிருந்துதான் என் விடுதிப் பணம் வந்தது.

முள் ஏன் இறங்கிற்று என்பதைக் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில், விஞ்ஞானப் பிரிவு நண்பரொருவரிடம் கேட்டறிந்தேன். நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர். அங்கு நீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கும். பருப்பு வேகச் சுணங்குவதும் அதனாலேதான். றேடியேற்றர் மூடி நீரை அமுக்கத்துள் வைத்துக் கொதிநிலையைப் பத்துப் பாகைக்கு மேல் உயர்த்துகிறது. குழாய் கசிந்தால் நீர் மட்டுமன்று, அமுக்கமும் போய்விடும். எஞ்சிய நீர் விரைவிற் கொதித்து ஆவியாகும். வெப்பமானியின் குமிழ் நீருள் அமிழ்ந்திருந்தால்தான் உண்மை சொல்லும். நீர் வற்றிய பின் அது வெறும் வெளியில் தொங்கிக்கொண்டு குறைத்துக் காட்டும். எஞ்சின் வெந்துகொண்டிருந்த வேளையில்தான் நான் மகிழ்ந்திருக்கிறேன். கேத்தலில் நீர் இருந்தது; ஆகவே அங்கே முள் பிழைக்கவில்லை.

அதை அறிந்த பின்னும் மாமாவிடம் சொல்ல எனக்குப் பல ஆண்டுகள் சென்றன. சென்ற தைப்பொங்கலுக்கு ஊர் சென்றபோது, திண்ணையில் அவர் தனித்திருக்கையிற் சொன்னேன். அவர் கோபிப்பார், அன்றேல் அழுவார் என எண்ணியிருந்தேன். சற்று நேரம் பேசாதிருந்தார்.

"எந்த எடத்துல ஏறுச்சு?"

"லிந்துலைக்கு மேல. அந்தக் கொழுந்து லொறிக்குப் பின்னால."

"அப்ப ஓசு அங்கேயே கழண்டிருச்சு. நானுஓயா வரைக்கும் தண்ணியில்லாமத்தான் ஓட்டியிருக்கேன்." விரல்களால் வட்டமொன்று பிடித்துக் காட்டினார். "அந்த கிளிப்பு இவ்வளவு அகலம் இருந்திருக்கணும். வர்ற வரைக்கும் வண்டிய எடுத்திருக்கக் கூடாது."

பிறகு மாமியைக் கூப்பிட்டு, எனக்கு இன்னொரு கோப்பைத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.