நாற்பத்தொரு கையெழுத்து

போன வாரம் ஒரு கல்லூரித் தம்பி வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பியிருந்தார். "அண்ணா, கையெழுத்து போட்டுட்டு நாலு குரூப்ல தட்டி விடுங்க." அவர் தங்கியிருக்கும் அரசு விடுதியில் தண்ணீர் வரவில்லை, கழிப்பறைக்குக் கதவில்லை. பெயர், மின்னஞ்சல், ஒரு பொத்தான். இருபது விநாடிகூட ஆகவில்லை. "நன்றி, நீங்கள் மாற்றத்தின் ஒரு பகுதி ஆகிவிட்டீர்கள்" என்றது திரை.

அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு 2017 ஐப்பசி ஞாபகம் வந்தது. இதை இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. இதில் என் தப்பும் இருக்கிறது.

வட மாவட்டத்தில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், அங்கே வழக்கு இன்னும் முடியவில்லை. காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போக ஒரு வண்டிப்பாதை இருக்கிறது. அது ஊர்த்தெருவை ஒட்டிப் போகிறது. அந்த வழியாக நம் ஆட்கள் பிணம் எடுத்துப் போகக்கூடாது. வயலில் இறங்கி, ஓடையைக் கடந்துதான் போக வேண்டும். கோடையில் எப்படியோ போய்விடலாம். அந்த ஐப்பசியில் ஒரு பெரியவர் இறந்தபோது ஓடையில் இடுப்பளவு தண்ணீர். ஆறு பேர் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நான் கரையில் நின்று செல்போனில் படம் எடுத்தேன்.

அன்று ராத்திரியே ஒரு மனுத் தளத்தில் மனுவைப் போட்டேன். ஆங்கிலத்தில். முதல்வருக்கு, பிரதமருக்கு, மனித உரிமை ஆணையத்துக்கு என்று கைக்கு வந்த எல்லாருக்கும் முகவரி போட்டேன். மேலே அந்தப் படம். மூணே நாளில் ஒன்பதாயிரம் கையெழுத்து. பெங்களூரு, டொராண்டோ, துபாய், டெல்லி. ஒரு டிவியிலிருந்து போன் வந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லக்கூடாது தோழர்களே, எனக்குப் பெருமையாக இருந்தது.

திங்கள்கிழமை மனு நாளுக்குப் பெயர்ப் பட்டியலை முழுக்க அச்செடுத்துப் பெரிய கட்டாகக் கொண்டுபோனேன். அங்கிருந்து தாலுகா ஆபீசுக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் அதிகாரி நிதானமாகப் பக்கங்களைப் புரட்டினார். "இதுல மனுதாரர் யாரு சார்?" என்று கேட்டார். "ஒன்பதாயிரம் பேர்" என்றேன். "பாதையோட சர்வே நம்பர்?" எனக்குத் தெரியவில்லை. "அந்த ஊர் ஆளு எத்தனை பேர் இதுல இருக்காங்க?" நானும் புரட்டிப் பார்த்தேன். ஒருத்தர்கூட இல்லை.

தட்டிக்கழிக்கத்தான் கேட்கிறார் என்று கோபமாக வெளியே வந்தேன். தட்டிக்கழிக்கத்தான் கேட்டார். ஆனால் கேள்வி சரியான கேள்வி.

அந்த வாரத்திலேயே வேறொன்றும் நடந்தது. அதே தளத்தில் இன்னொரு மனு வந்தது. 'எங்கள் கிராமத்தின் அமைதியைக் கெடுக்காதீர்கள்' என்று தலைப்பு. வெளியாட்கள் சாதிச் சண்டை மூட்டுகிறார்கள், எங்கள் ஊரில் எல்லாரும் அண்ணன் தம்பியாகத்தான் வாழ்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். சாதிச் சங்க வாட்ஸ்அப் குரூப்புகளில் அது சுற்றியது. நாலே நாளில் எங்கள் எண்ணிக்கையைத் தாண்டிப் போய்விட்டது.

அன்றுதான் ஒரு விஷயம் மண்டையில் உறைத்தது. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் நாம் நூற்றுக்கு இருபது பேர். தலையை எண்ணித்தான் நியாயம் என்றால் எந்த ஊரிலும் நமக்கு நியாயம் கிடையாது. ஊர்ப் பஞ்சாயத்தில் காலம் காலமாக நடந்தது அதுதானே? கைதூக்கச் சொன்னால் ஊர்த்தெருக் கைதான் அதிகம். சுடுகாட்டுப் பாதை ஓட்டெடுப்பு நடத்தி முடிவு செய்யும் விஷயம் அல்ல. அது உரிமை. நாமே அதைக் கொண்டுபோய் எண்ணிக்கைப் போட்டியாக ஆக்கிவிட்டால், தோற்பதற்கான ஆட்டத்தை நாமே தொடங்கி வைக்கிறோம்.

இதற்குள் ஊரில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் டவுனில் இருந்தேன். காலனிப் பெண்களை நடவுக்குக் கூப்பிடவில்லை. வெளியூரிலிருந்து வேனில் ஆள் கொண்டுவந்து நட்டார்கள். மளிகைக் கடையில் கடன் நின்றது. மனுவில் ஒரு கையெழுத்துகூடப் போடாதவர்கள் அதற்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மனு போட்ட எனக்கு லைக் வந்துகொண்டிருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு ஓடினேன். இறந்துபோனவரின் மனைவி, காலனியில் எல்லாருக்கும் ஆயா, திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"யார் பேருல மனு குடுத்தப்பா? எங்க பேருலயா, உன் பேருலயா?"

நான் ஏதோ சொல்ல வந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவரு வேட்டி விலகாம நடந்த மனுசன். செத்த பிறகு தொடை தெரிய உலகத்துக்கே காட்டிட்டியே."

அந்தப் படத்தில் துணி விலகியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அன்றே நீக்கினேன். ஆனால் எங்கெங்கோ போய்விட்டது. இன்றைக்கும் யாராவது 'தலித் கொடுமை' என்று எழுதும்போது அந்தப் படத்தைப் போடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் ஆயாவின் குரல்தான் கேட்கிறது. நம் மக்களின் அவமானத்தைக் காட்டித்தான் மற்றவர்களின் மனசாட்சியை எழுப்ப வேண்டும் என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அந்த நாட்களில் இரட்டைமலை சீனிவாசனின் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தை மறுபடி எடுத்தேன். 1893-ல் ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. இங்கே நடத்தினால் மேல்சாதியாரே எல்லா இடத்தையும் பிடிப்பார்கள், நம்மை நசுக்குகிறவர்களே நம்மை ஆளும் அதிகாரிகளாகவும் வருவார்கள் என்று சீனிவாசன் எதிர்த்தார். சென்னையில் கூட்டம் போட்டு, 3,412 பேரிடம் கையொப்பம் வாங்கி, 112 அடி நீள மனுவை லண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். ஜெனரல் செஸ்னி என்ற உறுப்பினர் மூலமாக அது போய்ச் சேர்ந்தது. அந்தத் தேர்வு இந்தியாவில் நடந்தது 1922-ல்தான். அதற்கு இந்த மனு மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆங்கிலேய அரசுக்கும் அதன் கணக்கு இருந்தது. நான் பார்ப்பது வேறு. இன்டர்நெட் இல்லை, போன் இல்லை, நம்மில் படித்தவர்களே மிகக் குறைவு. அந்தக் காலத்தில் 3,412 பேர். அவர்கள் யாருக்காகவோ கையெழுத்துப் போட்டவர்கள் அல்ல. எந்த அதிகாரத்திடம் கேட்கிறோம், என்ன கேட்கிறோம், யார் கையால் கொடுக்கிறோம் என்ற மூன்றும் தெரிந்து கேட்டார்கள்.

என் ஒன்பதாயிரத்தில் அந்த மூன்றும் இல்லை.

காலனியின் இரவுப்பள்ளித் திண்ணையில் நாலு சாயங்காலம் உட்கார்ந்தோம். மனுவைத் தமிழில் எழுதினோம். 'பாவப்பட்ட மக்கள்' என்று நான் எழுதிய வார்த்தையை ஆயா அடிக்கச் சொன்னார். பி.காம் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அ-பதிவேட்டின் நகலையும் புல வரைபடத்தையும் எடுத்து வந்தார். பாதை அரசுப் புறம்போக்கு, 'வண்டிப்பாதை' என்று தெளிவாகவே இருந்தது. இத்தனை வருஷம் தடுத்தது சட்டமல்ல, பயம்தான்.

சட்டத்தைப் படித்துக் காட்டினேன். வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் 2015-ல் திருத்தம் வந்தது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுப் பாதையையோ சுடுகாட்டையோ நாம் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம். சமூகப் புறக்கணிப்பு, பொருளாதாரப் புறக்கணிப்பு, அதைச் செய்வேன் என்று மிரட்டுவதும் குற்றம். கடமையைச் செய்யாத அதிகாரி தலித், பழங்குடி அல்லாதவராக இருந்தால் நாலாம் பிரிவில் அவர்மீதே வழக்குப் போடலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்று விதி சொல்கிறது. நடவுக்குக் கூப்பிடாததும் குற்றம்தானா என்று ஒரு அக்கா இரண்டு முறை கேட்டார்.

பிறகு கையெழுத்து. நாற்பத்தொரு பேர். அதில் பதினேழு கைநாட்டு. ஒருவர் முடியாது என்றார். அவர் ஊர்த்தெருக்காரரின் மாட்டை வாரத்துக்கு வளர்க்கிறார். யாரும் அவரைத் திட்டவில்லை. மற்றவர்கள் போடுவதற்கு முன் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். ஆயா மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தி, தாளில் வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தார். இருபது விநாடியில் நான் போடும் கையெழுத்துக்கும் அதற்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம்.

மனு ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் எஸ்.சி. ஆணையத்துக்கும் போனது. எல்லாவற்றுக்கும் தேதி போட்ட ரசீது. முப்பது நாள் கழித்து, பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு கேள்வி: எங்கள் மனுமீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? இது சாதாரண வேலை. யாரும் ஷேர் பண்ண மாட்டார்கள். ஆனால் நம் நாட்டில் ஆன்லைன் மனுத் தளத்தில் எத்தனை லட்சம் பேர் கையெழுத்துப் போட்டாலும் பதில் சொல்ல வேண்டும் என்று அரசைக் கட்டாயப்படுத்தும் சட்டம் கிடையாது. பிரிட்டனில் பாராளுமன்றமே ஒரு மனுத் தளம் நடத்துகிறது. அதில் 10,000 கையெழுத்து வந்தால் அரசு பதில் தரும், 1,00,000 வந்தால் விவாதத்துக்கு எடுப்பது பற்றிப் பரிசீலிக்கும். இங்கே பதில் சொல்லும் கடமை தகவல் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. மக்களவையிலும் சட்டமன்றத்திலும் மனுக்கள் குழு இருக்கிறது. எந்தக் கதவுக்குப் பின்னால் ஆள் இருக்கிறதோ அதைத் தட்ட வேண்டும்.

அப்படியானால் அந்த ஒன்பதாயிரம் பேர் வீணா? இல்லை. இப்போதுதான் அவர்கள் தேவைப்பட்டார்கள். தளத்தின் வழியாக அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். நடந்ததைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். நன்கொடை என்று பலர் கொடுத்த பணம் மனுவைப் பரப்புவதற்காகத் தளத்துக்குப் போனது, ஊருக்கு ஒரு ரூபாயும் வரவில்லை என்பதையும் சொன்னேன். ஓய்வுபெற்ற ஒரு சர்வேயர் பதில் எழுதினார், அளவைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு வழக்கறிஞர்கள் வந்தார்கள். இன்னும் சிலர், மனு எண்ணைக் குறிப்பிட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு மரியாதையாகக் கடிதம் எழுதினார்கள். முப்பது பேர் சேர்ந்து, வேலை இல்லாத அந்த இரண்டு மாதம் காலனிக்கு அரிசி வாங்கிக் கொடுத்தார்கள். நாற்பத்தொரு பேர் முன்னால் நின்றார்கள், மற்றவர்கள் அவர்களைச் சுற்றி வேலியாக நின்றார்கள்.

அளவைக்கு ஆள் வர ஐந்து மாதம் ஆனது. கல் நட்டார்கள். அடுத்த சாவுக்குப் போலீஸ் பாதுகாப்போடு பாதை வழியாகப் போனோம். அதற்கடுத்ததற்குப் போலீஸ் இல்லாமல் போனோம். ஓடைமேல் பாலம் இன்னும் வரவில்லை. புறக்கணிப்பு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

கையெழுத்தின் எண்ணிக்கை பெரிதல்ல என்பதற்கு வெளியூர் உதாரணமும் உண்டு. 2019-ல் ரோகித் வெமுலாவின் அம்மா ராதிகாவும் பாயல் தத்வியின் அம்மா அபேதாவும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். உயர்கல்வி நிறுவனங்களில் பாகுபாட்டைத் தடுக்க 2012-ல் போட்ட யுஜிசி விதிகள் தாளோடு நிற்கின்றன என்பது வழக்கு. மனுதாரர் இரண்டே பேர். இரண்டு பேரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். மறுபக்கம், 2023-ல் கலிபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்யும் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. ஆளுநர் ஒருவர் ஒப்புதல் தரவில்லை, மசோதா விழுந்தது. கடைசியில் யாருடைய ஒரு கையெழுத்து தேவை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வதுதான் அரசியல்.

விடுதித் தம்பிக்கு நான் போன் செய்தேன். மனுவை எடுத்துவிடு என்று சொல்லவில்லை. "விடுதியில தங்கியிருக்கிற பசங்க எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "வார்டன் பார்த்துடுவாருன்னு யாரும் போடல அண்ணா" என்றார்.

"அப்ப அங்கிருந்து ஆரம்பிங்க தம்பி. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரும் ஒண்ணா உட்காருங்க. பயப்படுறவங்க பயத்தைச் சொல்லட்டும், அதையும் கேளுங்க. எழுதி முடிச்சதும் என்னைக் கூப்பிடுங்க. வெளியில நிற்கிற ஆளுங்களை நான் பார்த்துக்கறேன்."

நேற்று ராத்திரி ஒரு படம் அனுப்பியிருந்தார். முகம் எதுவும் இல்லை. கோடு போட்ட தாளில் பதினொரு பெயர். பன்னிரண்டாவது பெயருக்கு எண் மட்டும் போட்டு இடம் விட்டிருந்தார்கள்.

ஜெய்பீம்.