வாட்டில் ஒரு மொழி

அரசாங்க வைத்தியசாலைகளில் எல்லாச் சமூகத்தவரும் பணிபுரிய வேண்டும் என்பதை உத்தியோகப் பங்கீடாகவே பலர் கருதுகின்றனர். நோயாளியின் பக்கம் நின்று பார்ப்போம். மலைநாட்டிலே தோட்டத் தொழிலாளி ஒருத்தி, "நெஞ்சு எரியுது" என்கிறாள். டாக்டருக்கும் தாதிக்கும் தமிழ் தெரியாவிடின், தரை கூட்டும் சிற்றூழியரே மொழிபெயர்க்கிறார். எரிவு நோவாக மாறினால் மருந்தும் மாறிவிடுமன்றோ?

இதற்கொரு சரித்திரம் உண்டு. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரின் பிரஜாவுரிமையைப் பறித்தது. பிரஜையல்லாதோர்க்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. 1987 இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. எஞ்சிய நாடற்றோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. சட்டத்தின் கதவு திறந்தது, பாடசாலையின் கதவு?

நாம் கற்பித்த தோட்டத்து மாணவி ஒருத்தி தாதியாக விரும்பினாள். அதற்கு அப்போது உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்திருக்க வேண்டியிருந்தது. போய்வரக்கூடிய தூரத்தில் விஞ்ஞான வகுப்பு இல்லாமையால் எம்மிடம் தமிழ் படித்தாள், நன்றாகவே படித்தாள். அவளது தமிழுக்காக வாட்டிலே காத்திருந்தோர் எத்தனை பேர்!

தோட்டப் பாடசாலைக்கு இரசாயன ஆசிரியரைக் கோருவதும் சுகாதாரப் பணியே. அக்கோரிக்கையை ஆசிரியரும் மாணவரும் ஒன்றுசேர்ந்து எழுப்புவோம்.