பாதம் சொன்ன பாடம்

மாரண்டஹள்ளியைச் சுற்றியுள்ள தக்காளித் தோட்டங்களில் விடியும்போதே வேலை தொடங்கிவிடும். பெற்றோர் காய் பறித்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் வரப்புகளில் வெறுங்காலுடன் ஓடி விளையாடுவார்கள். செம்மண் படிந்த அந்தச் சின்னஞ்சிறு பாதங்களைக் காணும்போதெல்லாம் எங்கள் உள்ளம் உறுத்தும். சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், நண்பர்கள் சிலராகச் சேர்ந்து பணம் திரட்டி, அப்பிள்ளைகளுக்குக் கறுப்பு ஷூக்கள் வாங்கிக் கொடுத்தோம்.

ஒரு தாய் தன் நான்கு வயது மகனுக்கு அதை மாட்டிப் பார்த்தார். பிறகு தயங்கியபடி, "செருப்பா இருந்தா தேவலைங்க, வேணும்போது கழட்டிப் போட்டுட்டு ஓடுவான்" என்றார். எங்களுக்கு முகம் சுருங்கியது. விலை கூடியதைக் கொடுத்தால் மலிவானதைக் கேட்கிறாரே என்று திரும்பும் வழியெல்லாம் குறைபட்டுக்கொண்டோம்.

பின்னர், எங்களுள் ஒருவருடைய பேரனின் பாதம் உள்வளைவின்றித் தட்டையாக இருப்பதைக் கண்டு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். வலியில்லாத தட்டைப் பாதம் பெரும்பாலும் தீங்கற்றது என்று அவர் ஆறுதல் கூறினார். பேச்சினிடையே, மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் எலும்பு மருத்துவத்தில் ஆய்வு செய்த டாக்டர் பெஞ்சமின் ஜோசப்பின் கட்டுரைகளையும் குறிப்பிட்டார். ஆவலால் உந்தப்பட்டு அவற்றைப் பற்றித் தேடி அறிந்தோம்.

1992-இல் உதய பாஸ்கர ராவுடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரை பிரித்தானிய எலும்பு மூட்டு மருத்துவ இதழில் வெளிவந்தது. 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். காலணி அணிந்த பிள்ளைகளில் 8.6 விழுக்காட்டினருக்கும், அணியாத பிள்ளைகளில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. விரல்களை மூடிய ஷூ அணிந்தவர்களிடம் அது மிகுதி. செருப்பு அணிந்தவர்களிடம் குறைவு. வெறுங்காலினரிடம் மிகக் குறைவு.

அந்த எண்களை வாசித்தபோது, நாங்கள் குறைகூறிய அத்தாயின் முகமே கண்முன் நின்றது.

ஆய்வு அத்துடன் நின்றுவிடவில்லை. 1995-இல் சச்சிதானந்தம் என்பாருடன் சேர்ந்து, வளர்ச்சி முற்றுப்பெற்ற 1,846 பேரின் தடங்களை ஜோசப் ஆராய்ந்தார். 16 வயதில் முதன்முதலாகக் காலணி அணிந்தவர்களில் 1.75 விழுக்காட்டினருக்கே தட்டைப் பாதம் இருந்தது. அதற்கு முன்பே அணிந்தவர்களிடம் அது 3 விழுக்காட்டைத் தாண்டியது. உடற்பருமனையும் மூட்டுத் தளர்ச்சியையும் கணக்கில் கொண்ட பின்னரும், ஆறு வயதுக்கு முன் காலணி அணிந்தவர்களிடம் குறை மிகுந்தே காணப்பட்டது. காலணிதான் காரணம் என்று அவர்கள் அறுதியிட்டுவிடவில்லை. இரண்டுக்கும் தொடர்புண்டு என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். பின்னாளில் பெர்த்தஸ் எனும் இடுப்பெலும்பு நோயை 610 குழந்தைகளிடம் ஆராய்ந்து 2003-இல் அவர் குழுவினர் வெளியிட்ட கட்டுரையிலும் இதே பொறுமையைக் காண்கிறோம்.

வெறுங்காலே மேல் என்று இங்கே வாதிட வரவில்லை. கொக்கிப்புழு வெறும் பாதத்தின் வழியே உடலினுள் புகும். முள்ளும் கண்ணாடித் துண்டும் இரக்கம் காட்டா. வயலிலும் கழிப்பிடத்திலும் செருப்பு கட்டாயம் வேண்டும். நாங்கள் வெட்கப்பட்டது வேறொன்றுக்காக. ஆயிரக்கணக்கான பாதங்களைப் பார்த்த பிறகும் அந்த ஆய்வாளர் அளந்தே பேசினார். நாங்களோ ஒரே ஒரு பாதத்தைக்கூட உற்றுப் பாராமல், அதற்கு எது தேவை என்று தீர்மானித்துவிட்டோம். அப்பிள்ளையை அன்றாடம் கண்டறிந்த தாய் வாய்திறந்து சொன்னதையும் நன்றியின்மை என்று ஒதுக்கினோம். எங்கள் இரக்கத்தில் செருக்கு கலந்திருந்தது.

அடுத்த ஜூனில் அத்தாயிடம் முதலிலேயே கேட்டோம். "செருப்பே போதுங்க. அளவு மட்டும் கொஞ்சம் பெருசா வாங்குங்க, பையன் வளர்றான்" என்றார். அளவெடுப்பதற்காக அச்சிறுவனைச் செம்மண்ணில் நிற்கச் சொன்னோம். அவன் காலை எடுத்ததும் மண்ணில் தெளிவாகப் பதிந்திருந்தது, உள்வளைவுடன் கூடிய ஓர் அழகிய பாதம். கொடுக்கும் முன் குனிந்து பார்த்தது அன்றுதான் முதல் முறை.